கழுத்துக்குள்ள ஒரு தலையாரி

வா மாப்ளே, வா. கயித்துக் கட்டில் வேண்டாம், திண்ணையில உக்காரு. கட்டிலைப் போன வாரந்தான் புதுசாப் பின்னினேன்.

பந்தியில எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சாமே? கண்ணேறுன்னு உங்கத்தை மிளகா சுத்திப் போட்டா. மிளகா என்ன பண்ணும், பாவம்!

உக்காந்தவன் எந்திரிச்சா நிறைய ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கிரும். தாடைக்குக் கீழ துடிக்குதே, அந்தக் குழாய் ரெண்டாப் பிரியிற இடத்துல ஒரு தலையாரி உக்காந்திருக்கான். நெஞ்சுக்கு மேல வளையுற பெரிய குழாயில அவன் பங்காளி ஒருத்தன். குழாய்ச் சுவரு எவ்வளவு விரியுதுன்னு பாத்து மூளைத் தண்டுக்குச் சேதி சொல்றதுதான் அவுக உத்தியோகம். ரத்த அழுத்தம் இறங்கினா நெஞ்சை முடுக்கி, ரத்தக் குழாயை இறுக்கிருவாக. ஏறினா தளர்த்துவாக. அவுக அசந்தா, எந்திரிக்கையில மூளைக்கு ரத்தம் பத்தாமக் கண்ணு இருட்டும். டாக்டர்மாரு இதைப் பாரோரிஃப்ளெக்ஸ்ம்பாக.

உன் தலையாரிக்கு நீ என்ன கவனிப்புப் பண்ற? ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டா, சால்னாவுல குளிப்பாட்டி. அதுக்கு மேல ஒரு கலக்கி. அப்படியே போய்க் கட்டையைச் சாய்ச்சிருவ. கொழுப்பு ஏற ஏறக் குழாய்ச் சுவரு விறைச்சுப் போகும். விரியாத சுவரைப் பாத்து அவன் என்னத்தைச் சொல்லுவான்? இதுல தொந்திக் கொழுப்பு வேற லெப்டின்னு ஒரு சரக்கை ரத்தத்துல இறக்கி மூளையை உசுப்பிவிடுது. நரம்பு சிறுநீரகத்தை விரட்டுது, அது உப்பை வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்குது. அழுத்தம் ஏறுது. கொஞ்ச நாள்ல தலையாரி அந்த ஏறின அழுத்தத்தையே சரியான அளவுன்னு பதிஞ்சுக்கிறான். இனி கூச்சல் போட மாட்டான். உனக்கு ஏத்த ஆளு!

முயலுக்குக் கொழுப்புத் தீனி போட்டுப் பாத்திருக்காக. சில வாரத்துலயே அழுத்தமும் நெஞ்சுத் துடிப்பும் ஏறிப்போச்சு. அதுக்குப் பரோட்டாக் கடை போக வழியில்ல, மனுசன்தான் ஊட்டினான். உனக்கு யாரு ஊட்டினா? அந்தப் பெல்ட்டைப் பாரு: கடைசி ஓட்டைக்கும் அங்கிட்டு ஆணி வச்சு நீயே ஒண்ணு குத்தியிருக்க. நம்மூரு ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். உன்னோடதை அளக்க உங்கத்தை தையல் டேப்பு பத்தாது.

கேலி கெடக்கட்டும். கண்ணு இருட்டினதுக்குச் சர்க்கரை, மாத்திரை, தண்ணி குடிக்காததுன்னு வேற காரணமும் இருக்கலாம். டாக்டர்கிட்டப் படுத்துக்கிட்டு ஒருதரம், நின்னுக்கிட்டு ஒருதரம் பிரஷர் பாக்கச் சொல்லு. நின்ன மூணு நிமிசத்துக்குள்ள மேல் அளவு 20 இறங்குச்சுன்னா விளையாட்டில்ல.

எடையைக் குறைச்சவுகளுக்கு இந்தத் தலையாரி தேறி வந்திருக்கான். விடியக் காலம் ஆறு மணிக்குக் கம்மாக்கரைக்கு வந்துரு மாப்ளே. புல்லட்டை வீட்டுலயே விட்டுட்டு வா.