ரோபோ கார் வாங்கப் போகும் தாய்மாமன்களுக்கு

யாங்கோன் கொன்ஸேடான் தெருக் காளியம்மன் கோயிலில் காதுகுத்து என்றால் தாய்மாமனுக்குத் தப்ப வழியே கிடையாது. பக்கத்திலேயே தெய்ன்ஜி ஸே சந்தை. 1871-இல் கோயில் எழுப்பிய நம் முன்னோர் இந்த இடத்தைத் தேர்ந்ததே, பிற்காலத்து மாமன் எவனும் "கடைக்கு ரொம்ப தூரம், அக்கா" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

மடியில் இருக்கும் குழந்தை காது குத்தியதும் அழும், கம்மல் போட்டதும் அடங்கும். அதன் பிறகும் அழுதுகொண்டிருப்பவன் அதன் அண்ணன்காரன். ஐந்தாறு வயது இருக்கும். தம்பிக்குத் தங்கம், தனக்கு ஒன்றுமில்லை என்பது அவன் கட்சி. அவனைச் சமாதானப்படுத்த இன்று ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. காராக ஓடி, ரோபோவாக நிமிர்ந்து, உள்ளே உட்கார ஒரு குட்டி ஆளும் கொண்ட பொம்மை. மாட்டுக்குப் பல் பார்க்கவும் தேங்காயைத் தட்டிப் பார்க்கவும் பரம்பரையாகத் தெரிந்த நமக்கு, இதை எங்கே தட்டிப் பார்ப்பது என்று எவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது.

முதலில், ரோபோவைப் பார்க்காதீர்கள். அட்டைப்பெட்டியின் மேல் அது எரியும் நகரத்தின் நடுவே நின்று வானத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது அதன் தூரத்து உறவினர். நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டியின் ஓரத்தில், நெகிழிக் குழியில், யாரும் கவனிக்காமல் படுத்திருக்கும் அந்தக் குட்டி ஆளை. இந்தப் பொம்மைக்கு உண்மையில் முதலாளி அவர்தான். சரித்திரம் அப்படித்தான் சொல்கிறது.

ஜப்பானின் தகாரா நிறுவனம் 1980-இல் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையைக் கொண்டுவந்தது. ரோபோக்கள் எத்தனை இருந்தாலும் அவற்றை ஓட்டுபவர் சுமார் 3 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மனிதர். உள்ளங்காலில் காந்தம் வைத்திருப்பார், இரும்பில் எங்கே வைத்தாலும் நிற்பார். 1982-இல் அதே வரிசையில் கார் ரோபோக்கள் வந்தன. நிஜக் காரை அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கி, உள்ளே இருக்கை வைத்து, இருக்கையில் இவரை உட்கார வைத்தார்கள். 1984-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இவற்றில் பலவற்றை எடுத்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் மாற்றி விற்றது. காருக்கே உயிர் உண்டு, அது தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் என்று புதுக் கதை எழுதியாயிற்று. ஓட்டுநருக்கு வேலை போயிற்று. இருக்கை மட்டும் அச்சிலேயே இருந்ததால் காலியாகத் தங்கிவிட்டது. ஓட்டுநர் இல்லாத கார் வந்தால் என்ன ஆகும் என்று இப்போது கருத்தரங்கம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பொம்மைக்கடையில் அது நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்த விஷயம்.

ஆகவே ஆளோடு வருகிற பெட்டி கிடைத்தால் மரியாதையோடு கையில் எடுங்கள். ஆளை எடுத்து இருக்கையில் வையுங்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வேறு ஊர் மாமன்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. மியன்மாரில் 1970-இல் ஒரே நாளில் வண்டிகளைச் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஜோதிடர் சொல்லி மாற்றினார்கள் என்று இன்றும் டீக்கடையில் சொல்வார்கள். சாலை மாறியது, ஸ்டியரிங் மாறவில்லை. 2011-க்குப் பிறகு இறக்குமதியைத் தளர்த்தியபோது வந்து குவிந்த ஜப்பான் பழைய கார்களும் வலப்பக்க ஸ்டியரிங்தான். டாக்சி என்று கைகாட்டினால் வந்து நிற்கிற புரோபாக்ஸ் காரில் ஓட்டுநர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து, முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதற்கு எதிரே என்ன வருகிறது என்று பார்க்க உடம்பையே சாய்ப்பார். இதில் பழகிய பையனுக்குப் பொம்மை ஆள் வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் ஊர்க்காரர் மாதிரி தெரியும். இடப்பக்கம் உட்கார்ந்தால் வெளியூர்க்காரர், அதற்குப் பாதி மதிப்பெண். மலிவான பொம்மைகளில் பெரும்பாலும் நட்டநடுவில் ஒரே ஒரு குழி இருக்கும். எந்த அரசு வந்து எந்தப் பக்கம் மாற்றினாலும் இவருக்குக் கவலையில்லை. முழு மதிப்பெண் போடுங்கள்.

மோட்டார் சைக்கிளாக மாறும் ரோபோவை எடுக்கவே வேண்டாம். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பது பையனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமல்லவா?

இப்போது முக்கியமான கட்டம். ஆள் உள்ளே இருக்கும்போதே காரை ரோபோவாக மாற்றுங்கள். "அச்சோ, ஆளை வெளியே எடுத்துவிட்டு மாற்றணும்" என்று கடைக்காரப் பெண் சொல்வார். எடுக்காதீர்கள். உலகத்தைக் காப்பாற்றப் போகிற நேரத்தில் ஓட்டுநரை நடுத்தெருவில் இறக்கிவிடுகிற வண்டி எதற்கு? மலிவுப் பொம்மையில் இரண்டாவது திருப்பிலேயே அவர் கதவு வழியாக விழுந்துவிடுவார். சிலவற்றில் ரோபோவின் நெஞ்சுக்குள் தலைகீழாக, கால் மேலே நீட்டியபடி மாட்டிக்கொள்வார். பானெட்டும் மூடாது, ரோபோ இதய அறுவை சிகிச்சைக்கு நடுவில் எழுந்து வந்துவிட்டது மாதிரி நிற்கும். இந்தச் சிக்கலைப் பெரிய நிறுவனமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1987-இல் வந்த ஹெட்மாஸ்டர்ஸ் வரிசையில் குட்டி ஆளை மடித்து ரோபோவின் தலையாகவே செருகிவிட்டார்கள். 1984-இல் வேலை போனவருக்கு மூன்றே வருடத்தில் இப்படியொரு பதவி உயர்வு. தகாராவும் டோமியும் இணைந்த நிறுவனம் 2016-இல் டயாக்ளோனையே மறுபடி கொண்டுவந்தது. ஆளும் திரும்பி வந்தார், காந்தமும் வந்தது, கூடவே கை கால் மடங்கவும் செய்தது. அது பெரியவர்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிற சரக்கு. காதுகுத்து பட்ஜெட்டில் வராது.

மாற்றும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். பானெட் நெஞ்சாகும், கதவு தோளில் தொங்கும், பின்பாதி பிளந்து காலாகும். கார்க் கூரைக்குத்தான் போக்கிடம் இருக்காது, முதுகில் மூட்டையாக ஏறிக்கொள்ளும். அதனால்தான் பாதி ரோபோக்கள் நின்றதும் மல்லாக்க விழுகின்றன. குதிகாலில் பின்பக்கமாக நீளும் ஒரு சிறு தட்டு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் வடிவமைத்தவர் ஒரு முறையாவது நிறுத்திப் பார்த்திருக்கிறார் என்று பொருள். மூட்டு கிளிக் என்று சத்தம் போட்டு நின்றால் நல்லது, வழுக்கிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் கை தொங்கிவிடும். மடியும் இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்திருந்தால் வைத்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு மாமன் வந்து சோதித்துவிட்டுப் போயிருக்கிறார்.

விழுவதைப் பற்றிச் சொல்லும்போது ஷ்வேடகோன் படிக்கட்டுக் கடைகளில் விற்கும் பிட்தைன்டாவுங் பொம்மையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காகிதக்கூழ் உடம்பு, கனமான அடிப்பாகம், சிவப்பும் பொன்னுமாகப் பூச்சு. எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடும். பேட்டரி இல்லை, செய்முறைத் தாள் இல்லை, உருமாற்றமும் இல்லை. ரோபோவுக்கு நிற்பதில் பத்துக்கு மூன்றுக்கு மேல் போடக் கை வரவில்லை என்றால் இதுதான் காரணம்.

செய்முறைத் தாளில் ஏழாவது படம் வரை எல்லாம் புரியும். எட்டாவது படத்தில் ரோபோ முழுதாக நிற்கும். நடுவில் நடந்ததைப் பையன் கண்டுபிடித்துக்கொள்வான், நீங்கள் தலையிடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய கார் மே மாதம் மழை தொடங்கியதும் உரிந்து வரும். வண்ணம் பூசியது என்றால் அக்டோபர் வரை தாங்கும். சித்திரை வருஷப்பிறப்புக்கு வாங்குகிறவர்கள் பேட்டரி பொம்மையை யோசித்து வாங்குங்கள். அதே வாரத்தில் திஞ்ஜான். தெருவே தண்ணீர் ஊற்றும்போது ரோபோவுக்கு மட்டும் யார் குடை பிடிப்பது? ஆனால் மின்வெட்டில் அதன் சிவப்புக் கண் மெழுகுவத்தி தேடுகிற அளவுக்கு வெளிச்சம் தரும் என்பதால், இந்த விஷயத்தில் அக்கா உங்கள் கட்சிக்கு வரக்கூடும். சைரன் சத்தம் கேட்டதும் விலகிவிடுவார்.

விளையாட்டை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். காது குத்திக்கொண்ட குழந்தை அதே தரையில்தான் தவழப் போகிறது. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கான பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. நம் குட்டி ஆள் அதில் படுத்துத் தூங்குவார். அதைவிட மோசமானது பொத்தான் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். தெரிந்த நொடியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதா, நகத்தால் திறக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நகத்தால் திறந்தால் மற்ற மதிப்பெண்ணெல்லாம் ரத்து.

விலை கேட்டதும் "ஸே ஜீ தே" (விலை அதிகம்) என்று முகத்தைச் சுளிக்க மறக்காதீர்கள். சட்டையில் திருநீறும் கையில் மாலையுமாகப் போனால் குறைக்க மாட்டார்கள். விசேஷத்துக்கு வந்த மாமன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான் என்று அந்தச் சந்தைக்கே தெரியும். முடிந்தால் முதல் நாளே போங்கள்.

ஆள் இல்லாத பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். ஆள் இருந்து, இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்து, பேட்டரி மூடிக்குத் திருகாணியும் இருந்தால், ரோபோ நாலு தடவை மல்லாக்க விழுந்தாலும் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் தொலையப் போவது அந்த ஆள்தான். தனியாக அவரை எந்தக் கடையிலும் விற்பதில்லை.