பறக்கும் கீமேனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

அனுப்புநர்: கீழ் பெர்த் கேட்டு மேல் பெர்த் வாங்கும் ஒரு பயணி

பெறுநர்: தலைவர் அவர்கள், ரயில்வே வாரியம், ரயில் பவன், புது டெல்லி

பொருள்: தண்டவாளப் பராமரிப்பு – டிரோனைக் கீமேனாகப் பணியமர்த்துதல் – பரிந்துரை – தொடர்பாக

பார்வை: தங்கள் அமைச்சகத்தின் 2018 ஜனவரி மாத அறிவிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

ரயில் பாதையைப் பராமரிக்க டிரோன் கேமராக்களைப் பயன்படுத்தப் போவதாகத் தாங்கள் அறிவித்த நாள்முதல் எனக்கு ரயிலில் நல்ல தூக்கம். அறிவிப்புக்கு முந்தைய நவம்பரிலேயே மேற்கு மத்திய ரயில்வே தன் ஜபல்பூர், போபால், கோட்டா கோட்டங்களில் பறக்கவிட்டுப் பார்த்துவிட்டது. மற்ற மண்டலங்களும் வாங்கிக்கொள்ளட்டும் என்று உத்தரவும் போயிற்று. 2020இல் ரயில்வே பாதுகாப்புப் படைக்காக 31.87 லட்சம் ரூபாயில் 9 டிரோன்கள் வாங்கினீர்கள். அவை யார்டையும், தண்டவாளத்தில் நடந்துபோகிறவர்களையும் மேலிருந்து பார்த்துக்கொள்கின்றன. திட்டப் பணிகளின் வீடியோக்களில் பாலங்களும் ஸ்டேஷன்களும் பருந்துப் பார்வையில் எத்தனை அழகு! தண்டவாளத்தைத் தினமும் பார்க்கும் வேலைதான் டிரோனுக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்காகத்தான் இந்தச் சிபாரிசு.

இப்போது அந்த வேலையைப் பார்ப்பவர் கீமேன். ரயில் பவனில் அவரை அறியாதவர் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். காலையில் கிளம்பும்போது சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, டிடோனேட்டர், மாற்று கிளிப் என்று ஒரு சின்னப் பட்டறையே அவர் தோளில் இருக்கும். அவர் தினமும் நடந்து பார்க்க வேண்டிய பகுதிக்குப் பீட் என்று பெயர்; சுமார் 6 கிலோமீட்டர். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார், திரும்பும்போது மற்றதை. தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்துவைக்கும் பேண்ட்ரால் கிளிப் வெளியே வந்திருந்தால் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்குவார். இரு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டின் போல்ட் தளர்ந்திருந்தால் முறுக்குவார். நாடு முழுக்க 1.3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் தண்டவாளம் இப்படித்தான் காலால் அளக்கப்படுகிறது. இருபத்தோராம் நூற்றாண்டுக்கு இது அடுக்குமா? கூடவே கூடாது.

ஆனால் நியமனம் என்றால் முறைப்படி நடக்க வேண்டும். 2025இல் நீங்கள் 32,438 லெவல்-1 இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டீர்கள். அதில் பெரிய பங்கு டிராக் மெயின்டெய்னர் நாலாம் கிரேடுக்கு. அதற்கான உடல்தகுதித் தேர்வை டிரோனும் எழுதட்டும், அதாவது தூக்கட்டும். ஆண் என்றால் 35 கிலோவைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்தில் 100 மீட்டர் சுமக்க வேண்டும். 1000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடியில் ஓட வேண்டும். பெண் என்றால் 20 கிலோ, 5 நிமிடம் 40 விநாடி. விண்ணப்பத்தில் டிரோன் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பதைத் தாங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும். ஓட்டத்தில் அது முதலாவதாக வரும், சந்தேகமில்லை. மூட்டையில்தான் சங்கடம். 35 கிலோவைத் தூக்கிய மாத்திரத்தில், 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அது 25 கிலோவைத் தாண்டிய நடுத்தர வகைக்குப் போய்விடுகிறது. அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வைத்திருப்பவர் வேண்டும். அவருக்கு ஓர் உதவியாளர், இருவருக்கும் ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு டிரைவர், அரை மணிக்கொரு தரம் மாற்ற பேட்டரிகள், பேட்டரிப் பெட்டியைத் தூக்க ஓர் ஆள். அந்தக் கடைசி ஆளை மட்டும் இப்போதே எடுத்துக் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்துவிட்டால் என்ன என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்து வேலைமுறை. ஒரு ஸ்லீப்பரில் கிளிப் இல்லை என்று வையுங்கள். டிரோன் அதைத் துல்லியமாகப் படம் பிடிக்கும். படம் சர்வருக்குப் போகும். கிளிப் இல்லை என்று மென்பொருள் சிவப்பு வட்டம் போடும். வட்டம் போட்ட படம் கோட்ட அலுவலகத்துக்கும், அங்கிருந்து செக்‌ஷன் இன்ஜினியரின் செல்போனுக்கும் வரும். அவர் கேங் மேட்டைக் கூப்பிட்டு, “அந்தக் கிளிப்பைக் கொஞ்சம் போட்டுட்டு வரச் சொல்லுப்பா” என்பார். மேட் யாரை அனுப்புவார்? கீமேனைத்தான். அவர்தான் இப்போது இல்லையே! கிளிப்பை அடித்து இறக்கும் டிரோன் வரும்வரை படங்களைப் பத்திரமாகச் சேமித்துவைக்கலாம். விசாரணைக்கு உதவும்.

தண்டவாளத்தின் உள்ளே ஓடும் விரிசல் வேறு இருக்கிறது. மேலே பளபளவென்று மின்னும் தண்டவாளத்தின் வயிற்றுக்குள் கீறல் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் கருவியைத் தண்டவாளத்தின் மேலேயே தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். அந்தரத்தில் பறக்கும் கேமராவுக்கு அந்தக் கீறல் படாது. பாதகமில்லை, கேமராவில் படாத விரிசல் அறிக்கையிலும் படாது.

பழுது பெரிதாக இருந்தால் கீமேனின் வேலை பழுது பார்ப்பது அல்ல, ரயிலை நிறுத்துவது. கொடியைக் காட்டிக்கொண்டே ஓடி, 600 மீட்டரில் ஒரு டிடோனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டிடோனேட்டர் என்று தண்டவாளத்தில் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும். லோகோ பைலட் பிரேக் போடுவார். டிரோன் வெடிமருந்தோடு ரயிலை எதிர்கொண்டு பறந்தால் அது உள்துறை அமைச்சகத்தின் கோப்பாகிவிடும். ஆகவே இந்த ஒரு பணியை மட்டும் டிரோனின் பணிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடப் பரிந்துரைக்கிறேன். ரயில்கள் தாமாகவே நின்றுகொள்ளப் பழகட்டும்.

மழை விஷயத்தில் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17 அன்று தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பேய்மழையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு அப்பால் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பயணிகள் முழுதாக மீட்கப்பட்டது 19ஆம் தேதி. அந்த ரயில் நின்றதால்தான் 800 பேரும் பிழைத்தார்கள். அந்த மழையில், அந்த இருட்டில், இரண்டு கிலோ டிரோன் எங்கே பறந்திருக்கும்? ஏதாவது ஒரு வாழைத்தோப்பில் விழுந்திருக்கும். மழைக்கால இரவு ரோந்து என்று உங்கள் விதிப்புத்தகத்தில் ஒன்று இருப்பதே மழை பெய்யும்போது பாதையைப் பார்க்கத்தான். மழை விட்டபிறகு பார்க்க டிரோன் எதற்கு, செய்தித்தாள் போதுமே.

1956 நவம்பர் 23 விடிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தைத் தின்று, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இதைச் சொல்வது டிரோனின் இன்னொரு அனுகூலத்தைக் காட்டத்தான். அது தப்பு செய்தால் யாரும் விலக வேண்டியதில்லை. இன்று ஒரு கிளிப்பைக் கவனிக்காத கீமேன் மீது எஸ்.எஃப்-11 என்ற குற்றப்பத்திரிகை பாயும், பெரிய தவறென்றால் எஸ்.எஃப்-5. டிரோனுக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தால் எங்கே கையெழுத்து வாங்குவது? மென்பொருள் எழுதிய கம்பெனி கேமராவைச் சொல்லும். கேமராக்காரர் காற்றைச் சொல்வார். காற்று எந்த மண்டல ரயில்வேக்கும் கட்டுப்பட்டதல்ல.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. 2017-18இல் ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்‌ஷா கோஷ் என்று பாதுகாப்புக்காகவே ஐந்தாண்டுகளுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதி தொடங்கினீர்கள். அதிலிருந்து என்னென்ன வாங்கப்பட்டன என்பதை 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்கிறது: பீங்கான் பாத்திரம், மேஜை நாற்காலி, கால் பிடித்துவிடும் கருவி. கடைசியில் சொன்னதைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல் மரியாதை கூடிவிட்டது. தினமும் தண்டவாளத்தோரம் நடப்பவருக்குக் கால் வலிக்கும் என்று யோசித்து வாங்கியிருக்கிறீர்கள்! அது எந்த கேங் குடிசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் தெரிவித்தால், போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதே அறிக்கை, தண்டவாளத்தின் நிலையைப் பதிவுசெய்யும் டிராக் ரெக்கார்டிங் கார்கள் ஓட வேண்டிய அளவில் 30 முதல் 100 சதவீதம்வரை ஓடவில்லை என்றும் சொல்கிறது. 100 சதவீதம் என்றால் ஓடவே இல்லை. தரையில் ஓட வேண்டியதே ஓடவில்லை. வானத்தில் ஓடுவதற்கு வாங்குகிறோம்.

ஐயா, அல்லது அம்மையீர், இனி கொஞ்சம் பகடியை ஒதுக்கிவிட்டுப் பேசுகிறேன். 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப் பிரதேசத்தில் கதௌலியில் உத்கல் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே பழுதை யாரும் பார்க்காமல் விடவில்லை. பார்த்தார்கள், ஆட்கள் தண்டவாளத்தில் வேலையும் செய்துகொண்டிருந்தார்கள். இல்லாதிருந்தது பிளாக். ரயிலை நிறுத்திவைத்து வேலை செய்ய அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. எச்சரிக்கையும் இல்லாமல் ரயில் வேகமாக வந்து ஏறியது. தடத்தில் ரயில்கள் நெருக்கமாக ஓடும்போது இருபது நிமிட பிளாக்குக்காக ஒரு ஜூனியர் இன்ஜினியர் கண்ட்ரோலிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ரயில் தாமதமானால் கேள்வி கேட்பார்கள். பிளாக் மறுத்ததற்கு யாரும் கேட்க மாட்டார்கள். டிரோன் ஒரு நாளைக்கு ஆயிரம் பழுதுகளைக் கண்டுபிடிக்கட்டும். அவற்றைச் சரிசெய்ய ஆளும் பிளாக்கும் இல்லையென்றால் நம்மிடம் இருப்பது ஆயிரம் படங்கள்தான்.

டிரோனே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே நீலகிரி மலை ரயில் பாதையில் வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும்போது, அடுத்த வளைவில் என்ன கிடக்கிறது என்று ஆளை அனுப்பாமல் பார்க்க அதைவிட நல்ல சாதனம் கிடையாது. உயரமான பாலத்தின் கீழ்ப்பக்கம், ஆற்றங்கரை அரிப்பு, மலைச்சரிவில் தொங்கும் பாறை, இவையெல்லாம் டிரோனின் பீட். கயிறு கட்டி இறங்கும் தொழிலாளியை அது காப்பாற்றும். அங்கே வாங்குங்கள், நிறைய வாங்குங்கள். கீமேனுக்குப் பின்னால் ரயில் வருவதை முன்கூட்டிச் சொல்ல ரக்‌ஷக் என்று வி.எச்.எஃப். கருவி ஒன்று இருக்கிறது. மின்சார ரயில்கள் சத்தமில்லாமல் வரும் இரட்டைப் பாதையில் ஓரத்தில் குனிந்து ஸ்பேனர் முறுக்குகிறவருக்கு அது உயிர். டிரோனுக்கு டெண்டர் விடுமுன் ஒவ்வொரு கீமேனின் கையிலும் அது இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

எனவே தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது: காலியாக உள்ள டிராக் மெயின்டெய்னர் இடங்களை நிரப்புங்கள். பராமரிப்பு பிளாக்கைக் கால அட்டவணையிலேயே ரயிலைப் போல எழுதிவைத்து, அதை ரத்து செய்பவர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்று ஆணையிடுங்கள். டிரோன் காட்டிய பழுது எத்தனை, அவற்றில் எத்தனை, எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டன என்று மாதாமாதம் கோட்ட வாரியாக வெளியிடுங்கள். முதலாவதை மட்டும் வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பயணி