அம்மா சமைக்காத சாப்பாடு: கோவளத்துச் சைனீஸ் கடை குறித்த முதற்கட்ட ஆய்வு

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் பல்லவர் விட்டுச்சென்ற ஒவ்வொரு பாறையையும் யாரோ ஒருவர் அளந்திருக்கிறார். அவர் அளந்தது தப்பு என்று இன்னொருவர் நிறுவி முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறார். ஆனால் அதே கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கோவளம் ஊருக்குள் திரும்பும் பக்கம், பொழுது சாய்ந்ததும் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றும் சைனீஸ் கடையைப் பற்றி ஒரு வரி ஆய்வைக்கூட யாரும் எழுதவில்லை. தமிழாய்வுலகின் இந்தப் பாராமுகத்தைச் சரிசெய்யும் பொறுப்பு, வேறு ஆள் கிடைக்காததால், இக்கட்டுரையாளர் தலையில் விழுந்தது.

கடையின் பெயரை வெளியிடுவது ஆய்வறம் ஆகாது. பலகையில் ஒரு டிராகன் உண்டு என்று மட்டும் சொல்லலாம். வரைந்தவர் மாமல்லபுரத்து யாளிகளைப் பார்த்து வளர்ந்தவர்போலும். வால் மட்டுமே சீனத்துக்குரியது. ஊரில் யாரைக் கேட்டாலும், “அங்க போங்க சார், நல்லா இருக்கும், ரேட்டும் கம்மி” என்கிறார்கள். ஆய்வுச் சிக்கலே இதுதான். ஒரு தமிழர், ஓட்டல் சாப்பாட்டை, “ஆனா” என்ற சொல் இல்லாமல் நல்லது என்று சொல்வது இயற்கைக்கு மாறானது. இட்லியைச் சொன்னால், ‘ஆனா சட்னி தண்ணி’ என்பார்கள். தோசைக்கும் ஓர் ‘ஆனா’ உண்டு, பிரியாணிக்கு ஏழெட்டு. சிக்கன் ரைஸுக்கு மட்டும் இல்லை. ஏன்?

நம் கருதுகோள் இது: ஓட்டல் சாப்பாட்டின் தரத்தைத் தமிழ்நாட்டில் தீர்மானிப்பது நாக்கு இல்லை, அம்மா. ஓட்டலில் சாம்பாரைத் தொட்டு வாயில் வைக்கும் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு நிலைக்குழு உட்கார்ந்திருக்கிறது. அதன் தலைவர் அம்மா; உறுப்பினர்கள் அத்தை, பெரியம்மா, இறந்துபோன ஆயா. குழு கூடாத சாப்பாடு ஒன்றே ஒன்றுதான். கோபி மஞ்சூரியனை வாயில் வைத்து, “எங்க ஆயா கைப்பக்குவம் வராது” என்று சொன்ன ஆளை இக்கரையில் எவரும் கண்டதில்லை.

கோவளத்தை ஆய்வுக்களமாகத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே இந்த விதி முழு வீச்சில் இயங்குகிறது. தமீம் அன்சாரி தர்கா இருக்கும் ஊர் என்பதால், பிரியாணியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் பத்துப் பேருக்கு உரிமை உண்டு. மாதா கோயில் இருப்பதால், கிறிஸ்துமஸ் வாரத்தில் வறுவலும் கேக்கும் தனி நீதிமன்றத்துக்குப் போகும். மீன் விஷயமோ கேட்கவே வேண்டாம். விடியற்காலையில் படகு கரையேறும் ஊரில், சங்கராவையும் வஞ்சிரத்தையும் ஓட்டல்காரர் பொரித்துக் கொடுத்து, “எப்படி இருக்கு?” என்று கேட்பது தற்கொலைக்குச் சமம். சென்னையிலிருந்து காரில் வருகிறவர் மீன் வறுவலுக்காக நாற்பது கிலோமீட்டர் வருகிறார். அந்த மீனைப் பிடித்தவரின் மகன், அதே ஞாயிற்றுக்கிழமை, மீன் இல்லாத ஏதாவது ஒன்றைத் தேடிச் சைனீஸ் கடைக்கு வருகிறான். இரண்டு பேரும் ஒரே திருப்பத்தில் ஒருவரை ஒருவர் கடக்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சீனத்துக்கும் கோவளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததால்தான் ஒப்பிட ஆளில்லை என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கடற்கரைக் கோயிலைக் கட்டிய இராசசிம்மப் பல்லவன் 720இல் சீனத்து டாங் அரசவைக்குத் தூது அனுப்பினான். அரேபியரையும் திபெத்தியரையும் அடக்க யானைப்படையும் குதிரைப்படையும் தருகிறேன் என்றான். பேரரசர் மகிழ்ந்து பல்லவப் படைக்கு ஒரு பட்டப்பெயர் அருளினார். ஆயிரம் வருஷம் கழித்து கோவளமே நேரடியாக வரலாற்றில் இறங்குகிறது. 1722இல் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸின் பட்டயத்தோடு தொடங்கிய ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு இந்தியாவில் வங்காளத்துப் பாங்கிபஜாரிலும் சோழமண்டலக் கரையின் கோவளத்திலும் தளங்கள் இருந்தன. ஆனால் கம்பெனிக்கு லாபம் கொட்டியதோ சீனத்துக் கான்டன் துறைமுகத்தில், தேயிலையில். பெல்ஜியத்து வியாபாரிகள் கணக்கெழுதும்போது கான்டனும் கோவளமும் ஒரே கம்பெனிக் கணக்கில் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் பொறுக்கவில்லை. அவர்கள் கொடுத்த நெருக்கடியில் 1727இல் பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. தேயிலை ஐரோப்பாவுக்குப் போயிற்று. கோவளத்தில் ஒரு நூடுல்ஸ்கூட இறங்கவில்லை. இந்த வரலாற்று அநீதிக்கு இன்றுவரை யாரும் நஷ்டஈடு கேட்கவில்லை என்பதைப் போகிறபோக்கில் பதிவு செய்கிறோம்.

கடையில் கிடைப்பது கான்டன் வழி வரவில்லை, கல்கத்தா வழி வந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை போட்ட டாங் அச்சியூவிலிருந்து கல்கத்தாச் சீனர் கதை தொடங்குகிறது. பிற்பாடு அந்நகரின் டாங்ராப் பகுதியில் தோல் பதனிட்ட ஹக்காச் சீனக் குடும்பங்கள் வளர்த்தெடுத்த சமையல் அது. அந்தக் கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில், இஞ்சி பூண்டு பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸை ஊற்றி, சோளமாவில் கெட்டிப்படுத்தி, சிக்கன் மஞ்சூரியன் என்று நீட்டினார். கோவளம் பழங்கோட்டை இருந்த இடத்தில் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஓட்டல் திறந்தது 1974இல். ஆக, புராதனச் சீன உணவு என்று நாம் பயபக்தியோடு சாப்பிடுவது, பக்கத்தில் இருக்கும் ஓட்டலைவிட ஒரு வயது இளையது. புகாரியின் சிக்கன் 65 அதற்குப் பத்து வயது மூத்த அண்ணன். அந்த அண்ணனும் சைனீஸ் மெனுவின் முதல் பக்கத்திலேயே கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இனிக் களப்பணி. ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று மேசைக்கு வருகிறது. மெனு அட்டை அப்பா கைக்குப் போகிறது, படிப்பது மகள். பலகாலப் பயிற்சியில் பிறந்த ஒரு கணக்கு அங்கே ஓடும். இரண்டு சிக்கன் ரைஸ், ஒரு எக் நூடுல்ஸ், ஆயாவுக்கு வெஜ் ரைஸ், பொதுவுக்கு ஒரு கோபி. சூப்பு மட்டும் ஒன் பை டூ. இந்தப் பின்னத்தை நம் பள்ளிகள் சொல்லிக்கொடுக்கும் எந்தப் பின்னத்தோடும் ஒப்பிட முடியாது. ஒன்றை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் முக்கால் இருக்கும். கிண்ணத்தின் அளவு அப்படி. சிக்கனம் இங்கே கௌரவக் குறைவாகக் கருதப்படுவதில்லை. மெனுவே அதற்கு இடம் விட்டிருக்கிறது. ‘ஆஃப்’ என்று ஒரு அளவு இருப்பதும், அந்த அரைத் தட்டு ஓர் ஆளின் வயிற்றைவிடப் பெரிதாக இருப்பதும் கடையின் நற்பெயருக்கு அஸ்திவாரம். அதில் முட்டைக்கோஸின் பங்கு என்ன என்று கேட்பது நாகரிகம் இல்லை.

பிறகு அந்தக் கேள்வி வரும்.

“கோபி டிரையா, கிரேவியா?”

இதைப்போல ஒரு குடும்பத்தை நொடியில் இரண்டாகப் பிளக்கும் கேள்வி தமிழ்நாட்டில் தேர்தல் நேரத்தில்கூட எழுவதில்லை. மகன் டிரை என்பான். அம்மா, “ரைஸுக்கு என்னத்தப் போட்டுப் பெசையறது?” என்று கிரேவி கேட்பாள். தட்டில் எது இருந்தாலும் அதற்கு மேலே ஊற்றிக்கொள்ள ஒன்று வேண்டும் என்பது நம் சமையலின் அடிப்படைச் சட்டம். சைனீஸ் வந்து ஐம்பது வருஷமாகியும் அது அசையவில்லை. ஆயா ஒன்றும் சொல்ல மாட்டார். ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டு, கையால் ஒரு கவளம் எடுத்து, பச்சை மிளகாய் மிதக்கும் வினிகர் பாட்டிலைச் சந்தேகத்தோடு முகர்ந்து, கீழே வைப்பார். சாப்பிட்டு முடித்ததும், “நல்லாத்தான் கீது” என்பார். ஊரில் எந்தக் கல்யாண வீட்டுச் சாம்பாருக்கும் அவர் இதுவரை வழங்காத சான்றிதழ் அது.

கருதுகோளுக்கு மிகப் பெரிய ஆபத்து யூடியூபிலிருந்து வந்தது. அம்மாக்கள் வீட்டிலேயே கோபி மஞ்சூரியன் செய்யத் தொடங்கினார்கள். மசாலா பாக்கெட் வாங்கி, காலிஃப்ளவரை உப்பு வெந்நீரில் போட்டுப் புழுவெடுத்து, சோளமாவில் புரட்டிப் பொரித்துப் பரிமாறினார்கள். நிலைக்குழு இனி இங்கேயும் கூடிவிடும் என்று இக்கட்டுரையாளர் பயந்தார். நடந்தது தலைகீழ். பிள்ளைகள் தின்றுபார்த்துவிட்டு, “கடை மாதிரி இல்லம்மா” என்றார்கள். தமிழ்க் குடும்ப வரலாற்றில் ஓட்டல் அளவுகோலாகவும் அம்மா அளக்கப்படும் பொருளாகவும் ஆனது இந்த ஒரு பண்டத்தில்தான். சமூகவியலார் இதைக் கவனிக்கத் தவறியது வியப்பே.

அம்மாவின் தோல்விக்குக் காரணம் கைப்பக்குவம் இல்லை; பௌதிகம். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஃப்ரைடு ரைஸ் புரட்டுவதன் இயக்கவியலை ஆராய்ந்து 2020இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்கள். இப்படி ஒரு துறை உண்மையாகவே உண்டு என்பதை நம்பாத வாசகரை மன்னிக்கிறோம். சமையல்காரர் சட்டியை முன்னும் பின்னும் தள்ளி இழுப்பதோடு, அடுப்பின் விளிம்பில் முட்டுக்கொடுத்து ஊஞ்சலாட்டவும் செய்கிறார். நொடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை. கடும் தீயில் சோறு அடிபிடிக்காமல் தப்புவது இடைவிடாமல் அந்தரத்துக்கு எழும்பி இறங்குவதால்தான். சீன ஓட்டல் சமையல்காரர்களுக்குத் தோள்வலி அதிகம் என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். வீட்டுக் கேஸ் அடுப்பில் அந்தத் தீ வராது. நான்ஸ்டிக் கடாயை அப்படி ஆட்டினால் சோறு சுவரில் இருக்கும். கோவளத்துக் கடையிலோ கடல்காற்று வேறு அடுப்பை அணைக்கப் பார்க்கும் என்பதால், தெருப்பக்கம் ஒரு தகரத் தடுப்பு. மத்தியானமே வடித்து, ஃபேனுக்கு அடியில் பரப்பி ஆறவைத்த சோறு அதன் பின்னால் குதிக்கும்போது, பார்சலுக்கு நிற்கிற கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகியிருக்கும். அதனால்தான் பருக்கை பருக்கையாக நிற்கிறது. சூட்டோடு போட்டால் பொங்கல்தான்.

அஜினமோட்டோவைப் பற்றி எழுதாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது என்று மேசைக்கு ஒருவர் இருப்பார், பெரும்பாலும் மாமா. “அது போடாம பண்ணச் சொல்லுப்பா.” 1908இல் தோக்கியோவில் கிகுனே இகெதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. 1968இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு, சீன ஓட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று கடிதம் எழுதியதோடு அதன் கெட்ட பேர் தொடங்கியது. சாதாரண அளவில் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை என்று பிற்பாடு வந்த சோதனைகள் சொல்லியும் மாமா அசையவில்லை. அவர் மறுநாள் காலை பழைய சோற்றுக்கு நெத்திலிக் கருவாட்டைத் தக்காளி போட்டு வதக்கித் தின்பார். தக்காளியில் அதே குளுட்டமேட். கருவாட்டில் அந்தச் சுவையைப் பலமடங்கு தூக்கிவிடும் இனோசினேட். இகெதா ஆய்வகத்தில் கண்டதை இந்தக் கரையில் வெயிலில் காயப்போட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு இதை விளக்க முற்பட்டபோது ஆய்வு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

எஞ்சியிருப்பது ஒரே சோதனை: அளவுகோல் உள்ள ஒருவர், அதாவது சீன அம்மா ஒருவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர், இந்த ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? வரலாறு அந்த வாய்ப்பையும் தந்தது. 2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். மறுநாள் அவரும் பிரதமர் மோடியும் பேசியது இதே கோவளத்தில், ஃபிஷர்மேன்ஸ் கோவில். தேர்வாளர் கடைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் கடற்கரைக் கோயிலில் முதல்நாள் இரவு அவருக்கு அரைத்துவிட்ட சாம்பாரும் கவனரசி அல்வாவும் வைத்துவிட்டார்கள். அதாவது, அவரிடம் அளவுகோலே இல்லாத சாப்பாட்டை. நம் கருதுகோளின்படி அவருக்கு அது பிடித்திருக்கவேண்டும். போதாக்குறைக்கு 12ஆம் தேதி புரட்டாசிக் கடைசிச் சனி. ஊரில் பாதிப்பேர் கவுச்சி தொடாத நாள், கோபிக்கு வருஷத்திலேயே நல்ல கிராக்கி உள்ள நாள்.

அந்தக் கடையின் மாஸ்டரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். நேபாளத்துக்காரர், பெங்களூரில் மூன்று கடை மாறி இங்கே வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுகிறார், சாஸ் பாட்டிலைத் தலைகீழாக உதறிக்கொண்டே.

“அவர் இங்க சாப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு, மாஸ்டர்?”

“அவருக்கு இது என்னன்னே தெரிஞ்சிருக்காது சார்.”

“அப்ப உங்க வீட்ல இந்த ரைஸ் பண்ணுவீங்களா?”

“எங்க வீட்லயா? தால்-பாத் தான். ரைஸை இப்படிப் பண்ணா எங்க அம்மா திட்டும்.”

அந்த 12ஆம் தேதி மத்தியானம் ஷி ஜின்பிங் கோவளத்திலிருந்து கிளம்பிச் சென்னையில் விமானம் ஏறினார். நேராகப் போய் இறங்கிய ஊர் காத்மாண்டு. மாஸ்டருக்கு இது தெரியாது. சொன்னதும் சட்டியை ஒரு நொடி நிறுத்தினார். “எங்க ஊருக்கா? அங்க என்ன சார் சாப்பிட்டாரு?” என்றார். அதற்குள் வெளியே ஒருவர், “மாஸ்டர், ரெண்டு சிக்கன் ரைஸ் பார்சல், காரம் தூக்கலா” என்று கத்த, தகரத் தடுப்புக்கு மேலே சோறு மறுபடி எழும்பியது.