உதவப் போன இடத்தில் உபத்திரவம்

ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்று ஒரு திட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் துப்பாக்கி தருவார்கள் போலத் தோன்றும், தருவது துடைப்பம். 18 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்கள் இன்னொரு நாட்டுக்குப் போய் ஓராண்டு வரை தன்னார்வப் பணி செய்யலாம். பயணம், தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக் காசு எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவன் நான். கிரேக்கத்தின் வோலோஸ் நகரத்துக்குத் தேர்வாகிவிட்டேன் என்று பெருமையோடு சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "இந்த வீட்டில நீ ஒரு கோப்பை கழுவினதை நான் காணேல்லை. அங்க போய் ஊரைக் கழுவப் போறியோ?"

கழுவத்தான் போனேன். வோலோஸ் பீலியோ மலையடிவாரத்தில் இருக்கும் துறைமுக நகரம். தங்கக் கம்பளி தேடி யாசோன் ஆர்கோ கப்பலில் புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான் என்பது புராணம். 2023 செப்டம்பரில் 'டேனியல்' புயல் வந்தபோது மலை மேலுள்ள ஸகோராவில் ஒரே நாளில் 750 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வோலோஸில் தெருவெல்லாம் சேறு. குழாயில் குடிதண்ணீர் இல்லை. அந்த வெள்ளத்தில் பல மடங்கு விரிந்த கார்லா ஏரி பிறகு வற்ற, அதன் நன்னீர் மீன்கள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் செத்தன. 2024 ஆகஸ்டில் வோலோஸ் கரையில் 100 டன்னுக்கும் மேல் செத்த மீன் அள்ளினார்கள். செய்தியில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கையுறைகளும் வாங்கிக்கொண்டு அக்டோபரில் போய் இறங்கினேன். மீன் அள்ளி முடிந்து வாரக்கணக்கு ஆகியிருந்தது. கடற்கரையில் மக்கள் நிதானமாக ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் பூட்ஸை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

பூட்ஸ் வீண்போகவில்லை. எங்கள் விடுதிக் கழிப்பறைச் சுவரில் கிரேக்க மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பை, தீட்டா, சிக்மா எல்லாம் கணக்கு வகுப்பில் படித்தவன் அல்லவா நான்! எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு மகிழ்ந்தேன். எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதுதான் தெரியவில்லை. காகிதத்தைத் தொட்டிக்குள் போடாதே, பக்கத்துக் கூடையில் போடு என்று சொல்லியிருக்கிறது. கிரேக்க நகரங்களில் கழிவுக்குழாய்கள் ஒடுக்கம். காகிதம் போனால் அடைத்துக்கொள்ளும். அடைத்தது. பொங்கியது. வோலோஸில் நான் இறங்கிச் சுத்தம் செய்த முதல் வெள்ளம், நானே உண்டாக்கிய வெள்ளம்.

அடுத்தது சோம்பேறித்தன ஆராய்ச்சி. 2010-ஐ ஒட்டிய கடன் நெருக்கடி நாட்களில் ஜெர்மன் பத்திரிகைகள் கிரேக்கர்களைச் சோம்பேறிகள் என்று எழுதியதெல்லாம் சின்ன வயதிலேயே என் காதில் விழுந்திருந்தது. அதை நிரூபிப்பதற்கென்றே ஊர் எனக்குச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. நான் பணிசெய்த இளைஞர் மையத்துச் சுவருக்குப் பெயின்ட் வாங்கப் புதன்கிழமை மாலை போனேன், கடை பூட்டு. வெள்ளிக்கிழமை மூன்றரைக்குப் போனேன், பூட்டு. திங்கள் மாலை போனேன், பூட்டு. 'இந்த ஊரில் யாரும் வேலை செய்வதில்லை' என்று நண்பர்களுக்கு உடனே எழுதிப் போட்டேன். சிறு கடைகள் திங்கள், புதன், சனியில் மதியத்தோடு மூடிவிடும், செவ்வாய், வியாழன், வெள்ளியில் மதியம் மூடி மாலையில் மறுபடி திறந்து ஒன்பது மணிவாக்கில் சாத்தும் என்பது அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் சரியாகக் கடை மூடும் நேரங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் போயிருக்கிறேன்.

யூரோஸ்டாட் கணக்கைப் பிறகுதான் பார்த்தேன். 2023-இல் வாரத்துக்குச் சராசரியாக 39.8 மணி நேரம் வேலை செய்து, ஒன்றிய நாடுகளிலேயே முதலிடத்தில் இருந்தவர்கள் கிரேக்கர்கள். ஜெர்மனியில் அது 34. வாரத்துக்கு முப்பது மணி நேரம் 'பணி' என்று ஒப்பந்தத்தில் இருந்தும், அதில் பாதியைக் காப்பிக் கடையில் 'திட்டமிடல்' என்ற பெயரில் கழித்த நான்தான் இந்த ஆராய்ச்சியை நடத்தினேன் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

பெயின்ட் கிடைக்காத கோபத்தில் இசைப் பட்டறை நடத்தத் தீர்மானித்தோம். நாங்கள் என்றால் நான், ஒரு பிரெஞ்சுப் பெண், ஒரு போலந்துப் பையன், ஒரு ஸ்பானியப் பெண். அயல் பிள்ளைகளுக்கு மேளம் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. மாலை நான்கு மணி எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். கிரேக்கத்தில் மதிய ஓய்வு வெறும் பழக்கம் அல்ல. பொது அமைதிக்கான சட்டமும் அதற்கு உண்டு. கோடையில் மூன்றிலிருந்து ஐந்தரை வரை, குளிர்காலத்தில் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை சத்தம் போடக்கூடாது. நாங்கள் நான்கு மணிக்கு மேளத்தில் கை வைத்தோம். பிள்ளைகள் வரவில்லை. அவர்களுடைய தாத்தா பாட்டிகள் வந்தார்கள், இரவு உடையிலேயே. அந்தப் பணிக்காலம் முழுவதிலும் எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்குக் கூட்டம் கூடியது அன்றைக்குத்தான்.

பசிக்கும் எங்களுக்கும் நேரம் ஒத்துவரவில்லை. ஆறு மணிக்கே சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்போம். அங்கே இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான். சரி, ஊர் வழக்கப்படியே ஒரு நாள் செய்வோம் என்று சிப்புரோ கடைக்குப் போனோம். திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் சாராயம் சிப்புரோ. 1922-க்குப் பிறகு சின்ன ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்து வோலோஸில் குடியேறியவர்கள் வளர்த்த வழக்கம் இது: குட்டிப் புட்டி ஒன்று கேட்டால் கூடவே ஒரு தட்டு மெஸே, அதாவது தொட்டுக்கொள்ளும் தின்பண்டம், வரும். கணவாயோ நெத்தலியோ இறாலோ, என்ன என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பார். அடுத்த புட்டிக்கு அடுத்த தட்டு, முந்தியதைவிடச் சிறப்பாக. மேசையில் எத்தனை புட்டியோ அத்தனை பேருக்கான அளவு.

சிக்கனம் கருதி நாங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே புட்டி சொன்னோம். "சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். அவர் கேட்டது சிப்புரோவில் சோம்பு வாசனை சேர்ந்ததா, சேராததா என்று. சாப்பாடு சேர்த்தா என்று கேட்பதாக நினைத்து, சேர்க்காவிட்டால் விலை குறையுமே என்று "சேர்க்காமல்" என்றேன் கம்பீரமாக. அப்படியும் ஒரு சின்னத் தட்டு வந்தது, ஒருவருக்கான நெத்தலியோடு. நாங்கள் கேட்கவில்லையே என்று அதைத் திருப்பி அனுப்பினோம். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. திரும்பி வந்தபோது தட்டில் நான்கு பேருக்கான மீன் இருந்தது. பிள்ளைகள் பட்டினி என்று நினைத்துவிட்டார். கூடுதலாக ஒரு காசும் வாங்கவில்லை. உதவி செய்யப் போன ஊரில் முதலில் உதவி பெற்றவர்கள் நாங்கள்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய அவமானம் ரொட்டிக் கடையில் நடந்தது. எள் தூவிய வளைய ரொட்டி ஐந்து வேண்டும். எண் வாயில் வரவில்லை. ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையைக் கடைக்கார அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலில், அபயம் தரும் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிரேக்கத்தில் அதே கைக்கு 'மூன்ட்ஸா' என்று பெயர். ஒருவர் முகத்துக்கு நேரே காட்டக்கூடிய மோசமான வசவுகளில் ஒன்று. அது புரிய வைக்கப்பட்ட பின்பு, "இல்லை, இல்லை" என்று மன்னிப்புக் கேட்கும் பதற்றத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினேன். இரண்டு கை என்றால் வசவும் இரட்டிப்பு.

ஒரே ஒரு விஷயத்தில் நான் தேறினேன். மாடி வீட்டுப் பாட்டியின் சந்தைப் பைகளைத் தூக்கிக் கொடுத்த ஒரு நாள், அவர் என் முகத்தைப் பார்த்து "ஃப்து, ஃப்து, ஃப்து" என்று மூன்று தரம் துப்புவதுபோல் செய்தார். பிரெஞ்சுத் தோழி அதிர்ந்துபோய், புகார் கொடுக்கலாமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கண்ணூறு கழிக்கிறார்! எங்கள் அம்மாவும் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுத் துப்பச் சொல்வார். என்னைப் பார்த்து ஊர் கண் வைக்க அப்போது என்ன இருந்தது என்பது வேறு விஷயம்.

கடைசியில் நாங்கள் வோலோஸுக்குச் செய்தது என்ன? ஒரு சுவருக்கு வண்ணம் அடித்தோம். செவ்வாய்க்கிழமை பெயின்ட் வாங்கி. சில பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடத்தில் உதவினோம்; ஆறு மணிக்கு. கடற்கரையில் குப்பை பொறுக்கினோம். நாங்கள் வந்திருக்காவிட்டாலும் ஊர் இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும். முதல் மாதத்தில் நான் எழுதிவைத்த 'கிரேக்கர்களின் குறைகள்' பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தால், ஒன்றுகூட அவர்களுடைய குறை இல்லை. எனக்குத் தெரியாதவற்றின் அட்டவணை அது.

ஐரோப்பாவில் இருக்கும் தம்பி தங்கைகளே, முப்பது வயது தாண்டுவதற்குள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது, முன்அனுபவமும் கேட்பதில்லை. ரப்பர் பூட்ஸ் வேண்டாம். போன முதல் வாரம் யாருக்கும் உதவி செய்யாதீர்கள். கடை எப்போது திறக்கும், ஊர் எப்போது தூங்கும், கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கிளம்பும் நாளில் எழுதலாம்.