கிராவல் சார்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இப்போது தெருவுக்கு ஒரு கிராவல் சார் இருக்கிறார். வயது நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். எஸ்டேட் பக்கமோ போரூர் பக்கமோ ஐ.டி. வேலை. 'சுகர் பார்டர்ல இருக்கு' என்று டாக்டர் சொன்ன நாள்வரை அவரும் நம்மைப் போல் சாதாரண மனிதர்தான். 'தினம் கொஞ்சம் நடங்க' என்றுதான் டாக்டர் சொன்னார். அது இவர் காதில் 'ஒரு லட்ச ரூபாய்க்கு சைக்கிள் வாங்குங்க' என்று விழுந்துவிட்டது. வீட்டில் சொன்ன விலை 35 ஆயிரம். மிச்சம் அவருக்கும் கிரெடிட் கார்டுக்கும் இடையிலான சொந்த விஷயம்.

கிராவல் பைக் என்பது ரேஸ் சைக்கிளுக்கும் மலையேறும் சைக்கிளுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், 40 மில்லிமீட்டர் அகலத்தை ஒட்டிய டயர். தார் ரோட்டிலும் ஓடும், சரளைக்கல்லிலும் ஓடும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-ல் மண்சாலையில் 200 மைல் பந்தயம் ஆரம்பித்ததையும், 2022-ல் இத்தாலியில் இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடந்ததையும் கிராவல் சார் மூன்றாம் மாடி வருவதற்குள் நமக்குச் சொல்லி முடித்துவிடுவார். லிஃப்டில்தான். படியேறினால் முழங்கால் வலிக்குமாம்.

"கிராவல் வாங்கியிருக்கேன்" என்று முதல்நாள் அவர் பெருமையாகச் சொன்னபோது வாட்ச்மேன் அக்கறையோடு கேட்டார்: "வீடு கட்றீங்களா சார்? எத்தனை லோடு?" அன்று ஒட்டிய பெயர்தான் இது.

கிராவல் சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம். வண்டியே வராத ரோடு வேண்டும். மலை இருக்க வேண்டும், மண்பாதை இருக்க வேண்டும், ஹாரன் சத்தம் கூடாது. சி.டி.எச். ரோட்டில் தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் அரை மணி நேரம் நின்ற எவருக்கும் இந்த ஆசை வரும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் விசேஷம். சனிக்கிழமை ராத்திரியே சைக்கிளைக் கழற்றிக் காரில் ஏற்றுவார். விடியற்காலை மூன்று மணிக்குப் பூந்தமல்லியைத் தாண்டி, சுங்கச்சாவடி சுங்கச்சாவடியாகக் கப்பம் கட்டி, ஏலகிரி அடிவாரத்தில் போய் இறங்குவார். போக வர 400 கிலோமீட்டருக்கு மேல் கார். அதில் இருபது கிலோமீட்டர் சைக்கிள். இவரைப் போலவே டிராஃபிக்குக்குப் பயந்து கிளம்பிய இன்னும் பத்துக் கார்கள் அடிவாரத்தில் நிற்கும். காரை நிறுத்த இடம் இருக்காது. "இங்கயும் டிராஃபிக் வந்திடுச்சு பாருங்க" என்று அலுத்துக்கொள்வார்.

ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். குடும்பத்தோடு காரில் போனபோது ஒவ்வொரு பலகையையும் வாசித்து மகளுக்கு இலக்கியப் பாடம் நடத்தியவர் இவர். சைக்கிளில் ஏறும்போது இலக்கியம் வேறு விதமாகப் புரிகிறது. முல்லைக்கொடிக்கே தேரைக் கொடுத்தானாம் பாரி. இங்கே ஒரு மனுஷன் மூச்சு வாங்கி நிற்கிறான், ஒரு மினி வேனாவது நிறுத்துகிறார்களா?

மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை தண்ணீர் குடிப்பதல்ல, ஸ்ட்ராவாவை நிறுத்துவது. செயலியில் பதியாத வியர்வை அவர் கணக்கில் வியர்வையே இல்லை. ஒருமுறை பாதி வழியில் போன் அணைந்துபோக, 'ஏறினதே வேஸ்ட்' என்று நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

போன மாதம் செலவைக் குறைக்க உள்ளூர் மலைக்குத் திரும்பினார். பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் குடியம் குகை. நம் மேற்குப் புறநகர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உண்மையான கூழாங்கல் காடு இதுதான். குன்றே கூழாங்கற்கள் இறுகி உண்டானது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தனை காலமாக இந்தச் சரளையில் மனிதர்கள் நடமாடியிருக்கிறார்கள், ஒருவர்கூட ஸ்ட்ராவாவில் போடவில்லை.

குடியம் பாதைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கருவேல முள் தன் வேலையைக் காட்டியது. டயருக்குள் ஊற்றியிருந்த பசை ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் காற்றெல்லாம் போயிருந்தது. கையில் பம்ப் இல்லை. எடை கூடும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். தள்ளிக்கொண்டே வந்து ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் காற்றுக் குழாயை வால்வில் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார்.

"என்னா சார், இதுக்கு வாயே இல்ல?"

"அது வேற வால்வு. ஒரு அடாப்டர் மாட்டணும்."

"மாட்டுங்க."

"வீட்ல இருக்கு."

கடைக்காரர் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தார். "எவ்ளோ சார் ஆச்சு?"

"முப்பத்தஞ்சு" என்றார் கிராவல் சார். வீட்டில் சொல்லிச் சொல்லி அதுவே வாயில் உட்கார்ந்துவிட்டது.

"நல்லா ஏமாத்திட்டாங்க சார். ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லுகூட வைக்காம குடுத்திருக்கான்!"

அந்த நேரம் பார்த்து, பின்னால் இரண்டு பால் கேன் தொங்க, ஒரு பெரியவர் பழைய ஹெர்குலிஸில் அதே மண்பாதையிலிருந்து ஏறி வந்து, பெல் அடித்து, இவர்களைத் தாண்டிப் போனார். ஹெல்மெட் இல்லை, கியர் இல்லை, லுங்கியை மட்டும் மடித்துக் கட்டியிருந்தார்.

அந்த ஹெர்குலிஸ் வேறெங்கோ பிறந்ததல்ல. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி நம் அம்பத்தூரில்தான் அதைச் செய்தது. விஜயந்தா டாங்கிகளை உருட்டி அனுப்பிய ஆவடி தொழிற்சாலைக்கும், எஸ்டேட் பட்டறைகளுக்கும் ஷிஃப்டுக்குப் போனவர்கள் ஹேண்டில்பாரில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு மண் ரோட்டிலும் ஏரிக்கரையிலும் மிதித்துத்தான் போனார்கள். யாரும் அவர்களைக் கிராவல் ரைடர் என்று சொல்லவில்லை. லேட்டாக வந்தால் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

மண்பாதை வேண்டுமென்று கிராவல் சார் இவ்வளவு அலைந்திருக்கவும் வேண்டாம். குழாய் பதிக்க அவர் தெருவையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஜல்லி, பள்ளம், மேடு, மழை பெய்தால் ஓடை, எல்லாம் வாசலிலேயே தயார். அந்தத் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க அவர் எடுப்பது கார். "இந்த ரோட்டுல ஒரு லட்ச ரூபா சைக்கிளை எப்படிங்க ஓட்டறது?" என்கிறார். மனைவி பக்கத்தில் இல்லாதபோதுதான்.

நியாயமாகச் சொன்னால், அவருக்கு சர்க்கரை குறைந்திருக்கிறது. தொப்பையும் ஒரு சுற்று இறங்கியிருக்கிறது. நடக்கச் சொன்ன டாக்டரே மெச்சினாராம். ஆகவே கிராவல் சார்களே, ஞாயிற்றுக்கிழமை தாராளமாக மலைக்குப் போங்கள். திங்கள் முதல் சனிவரை அதே சைக்கிளில் கடைக்கும் ஆபீசுக்கும் போய்ப் பாருங்கள். தெருவுக்கு ஒரு கார் குறைந்தாலே சி.டி.எச். ரோடு கொஞ்சம் மூச்சு விடும். ஒரு கேரியரும் பெல்லும் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். பஞ்சர் கடைக்காரர் சொன்னதில் தப்பே இல்லை.