பழைய பஸ்ஸின் தேக நிலை பற்றிப் பயணிகள் கொண்டுள்ள அபிப்பிராயங்கள்: சப்ரகமுவ தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

உல்லாசக் கப்பல் ஒன்று கிழண்டு போனால் அதில் போகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத மேல்நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். கம்பளத்தில் கறை, குழாயில் துரு, இரண்டு லிப்டில் ஒன்று வேலை செய்யவில்லை என்று அந்த இலக்கியம் நாளுக்கு நாள் பெருகுகிறது. சப்ரகமுவ மாகாணத்தைப் பற்றி அப்படி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. காரணம் வெளிப்படை: இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை இரத்தினபுரி டவுனுக்குள் வந்தபோது கடைத்தெருவில் வள்ளம் ஓடியது மெய்தான். ஆனால் அதில் ஏறியவர்கள் வள்ளத்தின் தரம் பற்றிக் கருத்துச் சொல்லும் மனநிலையில் இருக்கவில்லை. எனவே கப்பலின் இடத்தில் தோட்டத்துக்கு வந்துபோகும் பழைய பஸ்ஸை வைத்து இந்த ஆய்வு நடக்கிறது.

எந்தத் தோட்டம், எந்த ரூட் என்பது ஆய்வு ஒழுக்கம் கருதி மறைக்கப்படுகிறது. அரசாங்க பஸ்ஸா, தனியார் பஸ்ஸா என்பதும் அப்படியே. வர்ணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். மாணிக்கக் குழியில் இல்லம் என்னும் சரளை அடுக்கைத் தேடுகிறவன் போல நகத்தால் சுரண்டிப் பார்த்தால் சிவப்புக்குக் கீழே நீலமும், நீலத்துக்குக் கீழே மஞ்சளும், அதற்கும் கீழே மறுபடி சிவப்பும் வருகின்றன.

இப்பகுதியில் வாகனத்தைக் குறை சொல்லும் மரபு பஸ்ஸோடு தொடங்கியதல்ல. களனிவெளி ரயில் இருந்தது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்த அந்தச் சின்ன ரயில், றப்பரையும் தேயிலையையும் சனங்களையும் ஏறக்குறைய ஒரே மரியாதையோடு ஏற்றிச் சென்றது. ஓடுகிற ரயிலில் இருந்து இறங்கி, வேலியோரம் போய்விட்டு வந்து, அதே பெட்டியில் ஏறலாம் என்பது அக்காலப் பயணிகளின் பிரதான அபிப்பிராயம். 1976இல் ஹோமாகமைக்கு இப்பால் பாதையை மூடினார்கள். அன்றிலிருந்து அபிப்பிராயம் திரும்பிவிட்டது. இன்றைக்குக் காவத்தைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்: அதன் சீட்டில் இருந்த சுகம் என்ன, நேரம் தவறாமை என்ன! இதிலிருந்து முதல் விதி பெறப்படுகிறது: ஒரு வாகனத்தின் தரம் அது நின்றுபோன நாளிலிருந்து உயரத் தொடங்குகிறது.

பஸ்ஸின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1958 சனவரி 1ஆம் திகதி பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை (சி.டி.பி.) ஆகின. 1979இல் தனியார் பஸ் மறுபடி வந்தது. இடையில் சபையைப் பிரித்தார்கள், கூட்டினார்கள், மக்கள்மயம் என்றார்கள், 2005இல் சட்டம் போட்டு மீண்டும் ஒரே சபையாக்கினார்கள். இத்தனை மாற்றத்திலும் தோட்டத்துச் சனம் ‘சி.டி.பி.’ என்று சொல்வதை நிறுத்தவில்லை. நிருவாகச் சீர்திருத்தம் பயணியின் காதுவரை வந்து சேருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி ஆய்வு முறை. நூற்றுவீதக் கணக்கு இக்கட்டுரையில் இல்லை. ஒரே ஆள் பஸ் ஹோல்டில் ஒரு கருத்தும், ஏறியதும் வேறொன்றும், இறங்கியபின் மூன்றாவதும் சொல்வதால் எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டிவிடுகிறது. பழைய இலக்கண நூலார் கண்ட வழியே இங்கு உதவுகிறது. நிலம் மலை ஆதலால் குறிஞ்சி. ஆனால் காலை ஆறேகாலுக்கு ஹோல்டில் நிற்கிறவர் செய்வது முல்லைக்குரிய இருத்தல். ஏழாகியும் வராவிட்டால் நெய்தலுக்குரிய இரங்கல். வந்த பிறகு மிச்சக் காசுக்காகக் கண்டக்டரோடு மருதத்துக்குரிய ஊடல். வழியில் டயர் போனால், வெயிலில் நடக்கிறோமே, அது பாலை. இப்படி நிலம் ஒன்றிருக்க ஒழுக்கம் பலவாவதைத் திணைமயக்கம் என்பர். ‘ஹோர்னைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும்’ என்ற வாசகத்தைப் பலர் சொன்னார்கள். அது எல்லா ஊரிலும் எல்லாப் பஸ்ஸைப் பற்றியும் சொல்லப்படுவதால் சான்றாகக் கொள்ளப்படவில்லை. மேலும், இந்தப் பஸ்ஸில் ஹோர்ன் நன்றாகவே வேலை செய்கிறது.

அபிப்பிராயம் ஆளைப் பொறுத்தது அல்ல, நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது இரண்டாவது கண்டுபிடிப்பு. முன்பக்கத்து, மதகுருமாருக்கு ஒதுக்கிய சீட்டில் தற்காலிகமாக உட்கார்ந்திருப்பவர் பஸ்ஸைப் பற்றி நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை. ஹாமதுரு யாரும் ஏறுகிறாரா என்று வாசலைப் பார்ப்பதிலேயே அவருடைய கவனம் போய்விடுகிறது. இன்ஜின் மூடிமேல் இருப்பவர்கள் தனிப் பள்ளியினர். பலாங்கொடை மேல்மலைப் பக்கத்தில் மார்கழிக் காலையில் அதுதான் முதல் வகுப்பு; அங்கிருந்து பேசுகிறவர் இன்ஜினைப் புகழ்வார். அதே ஆள் பங்குனியில் மத்தியான டிரிப்பில் அதே மூடிமேல் இருந்தால் அவருடைய கருத்தை அச்சில் போட முடியாது. புட்போர்ட் மரபினர் நம்பிக்கைவாதிகள். பஸ்ஸுக்குள் அவர்களுடைய ஒரு காலும் ஒரு கையும் மட்டுமே இருப்பதால் உள்ளே உள்ள குறைகள் அவர்களுக்குத் தெரியாது.

கடைசி வரிசைக்கு முந்திய சீட்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். றெக்சின் கிழிந்து ஸ்பொஞ்ச் போய், அதற்குள் யாரோ மடித்துத் திணித்த உரச் சாக்கு. முதுகுப் பக்கத்துக் கம்பி அறுந்த இடத்தில் றப்பர் மலையில் சிரட்டை கட்டும் கம்பி சுற்றியிருக்கிறது. சுற்றிய விதத்தைப் பார்த்தால் கை பழகிய ஒரு பால்வெட்டுக்காரரின் வேலை என்று தெரிகிறது. காலடியில் பலகை உளுத்து ஒரு துளை. அதற்குள்ளால் ரோடு ஓடுவது தெரியும். அந்தச் சீட்டில் வழக்கமாக வரும் அக்கா வெற்றிலை துப்ப யன்னல் தேடுவதில்லை. ஆகவே ‘இந்தத் துளை ஒரு குறைபாடா?’ என்று அவரிடம் கேட்டது ஆய்வாளரின் அறியாமை. “அது இருக்கட்டும் தம்பி, அத அடைக்கச் சொல்லி யாருக்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க” என்றார்.

மழை இந்தப் பக்கத்தில் விருந்தாளி அல்ல, வீட்டு ஆள். கூரை ஒழுகும் இடங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளே குடை பிடிப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; குடையை மடக்காமல் இறங்க முயல்கிறவரைத்தான் திட்டுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் கருத்து வேறு வகை. அவர்கள் இந்தப் பஸ்ஸில் ஏறுவதே அபூர்வம். ஆனாலும் அதன் உள்ளமைப்பு அவர்களுக்கு அத்துப்படி. வெள்ளை யூனிபோர்மில் தோளுக்குக் குறுக்கே துருக்கோடு வந்தால் பிள்ளை இடப்பக்கக் கம்பியோடு நின்றிருக்கிறது. முழங்கைக்குப் பக்கத்தில் கிரீஸ் என்றால் பின்கதவு. பீலிக்கரையில் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, “இன்னைக்கும் பின்னுக்குப் போய் ஆட்டம் போட்டியா?” என்று கேட்கிறார்கள். எந்தப் பொறியியலாளரும் இவ்வளவு துல்லியமாகத் துருவை வாசித்ததில்லை.

சப்ரகமுவ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு வேலிக்கு வேலி ஒட்டிக் கிடப்பவை. இங்கே அபிப்பிராயமும் இரு மொழியில் உண்டு. கண்டக்டரிடம் சிங்களத்தில் பணிவாகவும், பக்கத்து ஆளிடம் தமிழில் உண்மையாகவும் பேசுவது மரபு. அதே வேளையில் கிராமத்து அம்மாமார் கண்டக்டரிடம் சிங்களத்திலேயே உண்மையாகப் பேசுகிறார்கள். கண்டக்டருக்கு இரண்டும் விளங்கும். இரண்டுக்கும் அவர் தரும் பதில் ஒன்றுதான்: “இஸ்ஸரஹட்ட யன்ட!” முன்னால் போக இடமில்லாதபோதும் அவர் அதைச் சொல்வதால், அது கட்டளை அல்ல, ஒரு வாழ்க்கை நோக்கு என்று கொள்க.

கெட்டது பஸ்ஸா, ரோட்டா என்ற விவாதம் இத்துறையில் தீராத ஒன்று. கண்டக்டர் கட்சி ரோட்டைச் சொல்கிறது. கடைக்கார முதலாளி கட்சி பஸ்ஸைச் சொல்கிறது. நடுநிலையாளர் இரண்டையும் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார். ரோட்டுக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்யத் தடையாகவே நெடுங்காலம் விளங்கப்பட்டு வந்தது. 1987இன் சட்டம் அது. திருத்தம் வந்தது 2018இல். அதுவரைக்கும் தோட்டத்துக் குழி கம்பனிக்குச் சொந்தம், குழியில் விழுகிறவரின் வாக்கு மட்டும் சபைக்குச் சொந்தம். திருத்தத்துக்குப் பிறகு குழிக்கு இரண்டு சொந்தக்காரர் ஆகிவிட்டதால், யாரிடம் சொல்வது என்ற பழைய கேள்வி, யார் முதலில் சொல்லட்டும் என்று மாறியிருக்கிறது. அது வளர்ச்சியல்லவா?

கப்பலைப் பற்றித் தொடங்கியதால், உண்மையான கப்பல் பற்றிக் கிடைத்த ஒரே சாட்சியத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திராவும் சரிபாதி ஆக்கினார்கள். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், பிறகு போனவர்கள் தலைமன்னாரில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ‘இராமானுஜம்’ என்ற கப்பல் ஓடிய காலம் அது. இறக்குவானைப் பக்கத்துப் பாட்டி ஒருவரின் தங்கை குடும்பம் அதில் போனது. கப்பல் எப்படி என்று தங்கை கடிதம் போட்டாராம். பாட்டிக்கு அது இன்னும் பாடம்: “கப்பல் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. எறங்கின பொறவுதான் தல சுத்துது.” மண்டபம் முகாமிலிருந்து வந்த கடிதம். முதல் பாதி வாகனத்தைப் பற்றியது. அதைப் பயணியின் நற்சான்றாகச் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் பாதி இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே போகிறது.

இப்போது மையமான சிக்கலுக்கு வருவோம். ஒருநாள் வெளியிலிருந்து படித்த ஓர் ஆள், கையில் பேப்பர் கட்டோடு ஏறினார். போக்குவரத்து வசதி பற்றிக் கேட்டெழுத வந்தவர். துருவைத் திட்டியவர், ஒழுக்கைத் திட்டியவர், அன்று காலைதான் கம்பியில் சேலை கிழிந்தவர் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். “பஸ் எப்படிங்க?” என்று கேட்டார். “நல்லாத்தான் ஓடுது சார்.” “ஏதாவது குறை?” “ஒண்ணும் இல்லீங்க சார்.” சேலை கிழிந்தவர் முந்தானையை இழுத்துக் கிழிசலை மறைத்துக்கொண்டார். வந்தவர் திருப்தி என்று குறித்துக்கொண்டு இறங்கினார்.

பொய் சொன்னார்கள் என்று இதை விளக்குவோர் உண்டு. அது பொருந்தாது. பயந்தார்கள் என்பதும் பாதிதான் சரி. பஸ் கிளம்பிய பிறகு வெற்றிலைக்கார அக்காவே உரை சொன்னார்: “நல்ல பஸ் தாறோம்னு சொல்லி இத கொண்டு போயிருவாங்க தம்பி. அது வராது, இதும் வராது.” இது ஊகமல்ல, அனுபவ அறிவு. திருத்த எடுத்துப்போன பஸ், பாலம் கட்டி முடியும்வரை நிறுத்திய பஸ், தேர்தலுக்கு முன் மாலை போட்டு வந்து தேர்தலோடு போன பஸ் என்று ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கதை இருக்கிறது. 2022இல் டீசல் இல்லாத மாதங்களில் டவுனுக்குக் கட்டைக் கணக்கில் நடந்தவர்களும் இவர்களே. காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் போய்விடும், கிளினிக்குக்குப் பிந்தினால் நம்பர் போய்விடும் என்று வாழ்கிறவருக்குப் பஸ்ஸின் தேக நிலை என்பது ஒரே கேள்வி: நாளைக்கு வருமா? வரும் என்றால் துரு ஒரு நிறம்.

ஆகவே திட்டுவது உள்ளே இருப்பவருக்கு உள்ள உரிமை. வெளியாளுக்கு அது கிடையாது. இதைச் சோதிக்க விரும்புகிறவர், டவுனிலிருந்து முதல் தடவை ஏறும் உறவுக்காரர் ஒருவரை, “என்ன பஸ் இது!” என்று ஒருமுறை சொல்ல வைத்தால் போதும். ஏற்கனவே ஐந்து நிமிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். “ஏங்க, இதுக்கென்ன கொறச்சல்?” என்று புட்போர்டிலிருந்தும் ஒரு குரல் வரும்.

சம்பளம் கிடைக்கும் பத்தாந் திகதியை ஒட்டி அபிப்பிராயம் சற்று மேம்படுவதும், இருபதுக்குப் பிறகு அட்வான்ஸ்வரை சரிவதும் கவனிக்கப்பட்டது. இதற்கும் பஸ்ஸுக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை. அரிசி மூட்டையோடு ஏறுகிறவர் மூட்டைக்கு இடம் கிடைத்தால் பஸ் நல்லது என்கிறார், அவ்வளவே.

டிரைவரின் கருத்து இக்கட்டுரையில் இடம்பெறவில்லையே என்று ஆசிரியர் குழு கேட்கக்கூடும். முயற்சிக்குக் குறைவில்லை. பஸ் ஓடும்போது சாரதியோடு பேச வேண்டாம் என்று அவருடைய தலைக்கு மேலே எழுதியிருக்கிறது. பஸ் ஓடாத வேளையில் அவர் அதற்கு அடியில் படுத்திருக்கிறார். ஒரு மாலை குனிந்து, “அண்ணே, வண்டியப் பத்தி நீங்க என்னா நெனைக்கிறீங்க?” என்று கேட்டேன். எண்ணெய் படிந்த ஒரு கை வெளியே நீண்டு, பதினாலாம் நம்பர் ஸ்பானரைக் கேட்டது.