கல்லாவைப் பார்த்து உட்காருகிறவர்

ஓட்டலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் இடம் தேடுவார்கள். கோயம்புத்தூரில் ஒரு வகை மனிதர் மட்டும் கல்லா தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். கணபதியிலோ பீளமேட்டிலோ சின்னதாக ஒரு லேத் பட்டறை, பம்புசெட்டுக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். சொந்தபந்தத்தில் யார் வெளியே சாப்பிடக் கிளம்பினாலும் முதலில் இவருக்குத்தான் போன் போடுவார்கள். எந்தக் கடை நல்ல கடை என்று சொல்லும் அதிகாரத்தை இவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது தெரியாது. பறிக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

அண்ணனுக்கு நாக்கு உண்டு, நல்ல நாக்கு. ஆனால் அது தனியாக எங்கும் போகாது. கூடவே கணக்குப்பிள்ளை ஒருவர் மண்டைக்குள் உட்கார்ந்திருப்பார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தீர்ப்பு வாய்க்கு வரும்.

முதல் பரீட்சை தண்ணீருக்கு. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். "சிறுவாணி இல்லீங்க, பில்லூருங்க" என்பார். பரிமாறும் பையன் ஒடிசாவிலிருந்து வந்து இறங்கி ரெண்டு மாதம்தான் ஆகியிருக்கும். ரெண்டும் கோவைக்குத் தண்ணீர் தரும் அணைகள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஸ்பெஷல் ஐட்டம் என்று நினைத்துக்கொண்டு, "தீந்து போச்சு சார்" என்பான். சிறுவாணித் தண்ணீர் ருசியில் உலகத்திலேயே இரண்டாவது என்பது கோவைக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. முதலாவது எது என்று யாரும் விசாரித்ததில்லை. அணை இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் என்பதையும் உரக்கச் சொல்வதில்லை. ஆர்.ஓ. தண்ணீர் என்று தெரிந்தால் அண்ணன் முகம் வாடிவிடும். "தண்ணியிலயே உசுரு இல்லீன்னா, சாம்பார்ல எங்கீங்க இருக்கும்?"

சாம்பாருக்கு இந்த ஊரில் உரைகல் ஸ்ரீ அன்னபூர்ணாதான். வெளியூர்க்காரர்கள் அந்தச் சாம்பாரின் மணத்தைப் புகழ்வார்கள். அண்ணனுக்கு வியப்பு வேறு இடத்தில். இட்லி முங்க ஊற்றியும் எப்படிக் கட்டுப்படியாகிறது? துவரம்பருப்பு என்ன விலை விற்கிறது, நாளைக்கு எத்தனை அண்டா இறங்குகிறது, ஒரு கிண்ணத்துக்கு எத்தனை பைசா விழுகிறது? பழனி முருகனைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் குரல் இவ்வளவு குழைந்து நான் கேட்டதில்லை.

அண்ணனின் வகையறாவுக்கு நாடு முழுக்கப் பேர் கிடைத்த நாளும் ஒன்று உண்டு. 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவைக்கு வந்து தொழில் செய்பவர்களிடம் குறை கேட்டார். அன்னபூர்ணா ஓட்டல்களின் சீனிவாசன் எழுந்தார். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீமை வைத்தால் 18 சதவீதம், 'ரெண்டையும் தனித்தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன்' என்கிறார் வாடிக்கையாளர் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அதற்கப்புறம் சீனிவாசன் அமைச்சரிடம் கேட்ட மன்னிப்பு, மன்னிப்பின் வீடியோ, வீடியோ வெளியானதற்கு அமைச்சரின் கட்சி கேட்ட இன்னொரு மன்னிப்பு எல்லாம் உலகமறிந்த கதை. கட்சிக்காரர்கள் டிவியில் அடித்துக்கொண்டிருந்த அந்த வாரம், அண்ணன் தன் தெருமுனை பேக்கரியில் பன்னையும் கிரீம் பன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பில்லோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல், கேக்குக்கும் பேஸ்ட்ரிக்கும் வரி 18-லிருந்து 5 ஆனது. அண்ணன் மறுநாள் காலையிலேயே போய் நின்றார்.

"குறைச்சாச்சுங்களா?"

"வெண்ணை ஏறிப்போச்சுங்கண்ணா."

"எப்பங்க ஏறுச்சு?"

"நேத்துங்க."

அவருடைய முழு வித்தையையும் பார்க்க வேண்டுமானால் காளான் வண்டிக்கு வர வேண்டும். கோவையில் பொழுது சாய்ந்தால் தெருவுக்குத் தெரு இந்த வண்டிகள் முளைத்துவிடும். அகலமான கல்லில் செக்கச்செவேலென்று மசாலா கொதித்துக்கொண்டிருக்கும்; கல்லின் ஓரத்தில் முன்கூட்டியே பொரித்த உருண்டைகள் குவிந்திருக்கும். நாலைந்தை இழுத்துப் போட்டு, கரண்டி விளிம்பால் கொத்திப் பிளந்து, மசாலாவில் புரட்டி, குட்டித் தட்டில் வழித்துப் போட்டு, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, ஸ்பூனைக் குத்தி நீட்டுவார்கள். பேர் காளான். உள்ளே முட்டைக்கோசும் மைதாவும் கூட்டணி ஆட்சி நடத்த, காளான் வெளியிலிருந்து ஆதரவு தரும்.

அன்றைக்கு அண்ணனோடு அவர் தங்கச்சி பையனும் வந்திருந்தான். அவனும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சொல்கிறவன்தான். ஆனால் ரீல்ஸ் வகை. ஸ்பூன் வாய்க்குப் போகும் முன்பே கண் சொருகித் தலை ஆட ஆரம்பித்துவிடும். "வேற லெவலுங்க மக்களே!" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து ஆட்டினான். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் கவனமெல்லாம் வண்டிக்காரர் மேல்.

"ஏனுங்க தம்பி, நாளைக்கு எத்தனை கிலோ கோசு வெட்டுவீங்க?"

"பன்னெண்டு வருமுங்கண்ணா."

"காளான்?"

வண்டிக்காரர் கரண்டியைக் கல்லில் டங்கென்று தட்டினார். "போடறமுங்க."

"எத்தனைங்க?"

"காளான் வண்டியில காளான் போடாம இருப்பமுங்களா?"

அண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த பேப்பரில் எழுத ஆரம்பித்தார். கோசு இவ்வளவு, மைதா இவ்வளவு, எண்ணெய், சிலிண்டர், கூட நிற்கும் பையன் சம்பளம், மழை நாளில் ஓடாமல் போவதற்கு ஒரு கழிவு. கூட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நாளெல்லாம் லேத்துல இரும்பு கடைஞ்சாலும் இந்த மார்ஜின் நிக்காதுடா மாப்ள."

"ருசி எப்படிங் மாமா? அதச் சொல்லுங்க."

"ருசி இல்லாமயா இத்தனை பேரு நிக்கிறாங்க?"

ஆனால் அவர் தட்டு பளிச்சென்று இருந்தது. ஸ்பூனும்.

ஈரோட்டுப் பாலத்தைத் தாண்டிக் காவிரிக்கு அந்தப் பக்கம் போனால் பள்ளிபாளையம். அந்த ஊர் சிக்கனை அண்ணன் உலக அதிசயங்களில் சேர்த்திருக்கிறார். கோழி, சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை. மசாலாப் பொடி கிடையாது. "பொடியே இல்லாம இந்த ருசி! எவ்வளவு மிச்சம் பாருங்க" என்று வாயில் போட்டபடியே சொல்வார். அவருக்குப் பிடித்த ரசத்தின் பேர் செலவு ரசம் என்பதை மட்டும் யாரும் அவரிடம் ஞாபகப்படுத்துவதில்லை.

பெரிய விஷயங்களையும் அவர் இதே தராசில்தான் போடுவார். 2024 ஆகஸ்டில் கோவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல்காரர், அரை மணி நேரத்தில் ஆறு பிரியாணி தின்றால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். ஊரே திரண்டது, போலீஸ் வழக்கு வரை போனது. பசியைக் காட்சிப்பொருளாக்கலாமா என்று பத்திரிகைகள் கேட்டன. நானும் கேட்டேன். "இத்தனை டிவியில பேரு வந்துருக்குது. லட்ச ரூவாய்க்கு யாருங்க குடுப்பாங்க இந்த விளம்பரத்தை?" என்றார் அண்ணன்.

அவருக்குப் பிடிபடாத இடம் ஒன்றுதான்: டெசர்ட் கஃபே. ரேஸ்கோர்ஸ் பக்கமோ ஆர்.எஸ்.புரத்திலோ புதிதாக ஒன்று திறந்தால் மகள் இழுத்துக்கொண்டு போவாள். சூடான பிரவுனி மேல் சாக்லேட்டை ஊற்றும்போது மற்றவர்கள் போனைத் தூக்குவார்கள். அண்ணன் தலையைத் தூக்கி ஏசி எத்தனை டன் என்று பார்ப்பார். தொங்குகிற பல்புகளை எண்ணுவார். சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் புல்லைக் கிள்ளிப் பார்ப்பார். குனாஃபா வரும், முந்நூற்றுச் சொச்ச ரூபாய். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "நம்ம சந்தகையத்தான் நெய்யில வறுத்துட்டான்" என்பார். சந்தகைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்று அரிசி, இன்னொன்று மைதா. மகள் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார், ஆனால் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்.

"நல்லாருக்குதாப்பா?"

"பத்து மாச அட்வான்ஸ் குடுத்திருப்பான் கண்ணு. ஆடி தாண்டாது."

பெரும்பாலும் தாண்டுவதில்லை. அடுத்த முறை போகும்போது அதே இடத்தில் செல்போன் கவர் கடை இருக்கும்.

இப்படியெல்லாம் கிண்டல் செய்தாலும், எந்தக் கடைக்குப் போகலாம் என்று நானும் அவரைத்தான் கேட்கிறேன். காரணம் இருக்கிறது. அவர் எங்கும் ஓசியில் சாப்பிட்டதில்லை. முதலாளி அடையாளம் கண்டுகொண்டு ஒரு கிண்ணம் பாயசத்தைச் சும்மா நீட்டினால், "பில்லுல போடுங்க. இல்லீன்னா கணக்குத் தப்பிப் போயிருமுங்க" என்று ஒதுக்கிவிடுவார். தங்கச்சி பையனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கடைக்காரர்களே கூப்பிட்டு, ஊட்டிவிட்டு, வழிச்செலவும் கொடுத்து அனுப்புகிறார்கள். அவன் வாயில் கெட்ட கடை என்று ஒன்று இதுவரை வந்ததில்லை.

அண்ணனுக்கு ஒரு சாப்பாடு உண்மையிலேயே பிடித்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பேச்சு நின்றுவிடும். பெருந்துறைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், வீட்டுத் திண்ணையிலேயே பெஞ்சு போட்டு ஒரு அம்மாள் சோறு போடுகிறார். போர்டுகூடக் கிடையாது. அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு. குழைந்தும் குழையாமலும், பூண்டும் சீரகமும் மணக்க, நடுவில் குழி பறித்து நெய். தொட்டுக்கொள்ளக் கட்டித் தயிர். அண்ணன் ஒரு வாய் வைத்தார். நான் ஏதோ கேட்டேன், பதில் இல்லை. அரிசி என்ன ரகம், பருப்பு என்ன விலை, எதுவும் வரவில்லை. கை மட்டும் இலைக்கும் வாய்க்கும் போய் வந்தது. மறுசோறு வாங்கினார். மூன்றாம் தடவையும் அந்த அம்மாள் கேட்காமலே வைத்தார், அவர் தடுக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்துக்கொண்டபோதுதான் கணக்குப்பிள்ளை மண்டைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தார் போல.

"ஏனுங்க்கா, எடம் சொந்தமுங்களா, வாடகைங்களா?"

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, வெளியே நிற்கும் கார்.

"சொந்தந்தானுங் தம்பி. ஏன், கடை கிடை போடற யோசனைங்களா? எதுத்தாப்புல ஒரு ரூம்பு காலியாத்தான் கெடக்குது, அதும் நம்முளுதுதான். பத்து மாச அட்வான்ஸ், கரண்டு தனி."